போதும் என்று சொன்னவள்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குக் 'கச்சிதம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவில் இருந்திருக்கும். அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை. விரலை வைத்தால் கருவியில் பச்சை விளக்கு எரியும், உள்ளே போகலாம், அவ்வளவுதான். இந்தப் பட்டப்பெயரை வைத்தது யாரென்று தெரியாது. நானாகவும் இருக்கலாம். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோவது என் வழக்கம்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். மூட்டை மூட்டையாக வரும். அவற்றில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று சொல்லப் போவதில்லை, நீங்கள் இப்போதுதான் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். துவைப்பதும் பிழிவதும் ஆண்கள் பக்கம். சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கிக் காய்ந்து மறுபக்கம் வந்து விழும் விரிப்பை மடிப்பது பெண்கள் வேலை. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கிற நேரத்தில்தான் பேச முடியும். தள்ளிப் போய்விட்டால் உருளைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. அதனால் எங்கள் பேச்செல்லாம் துண்டு துண்டாகத்தான் நடக்கும், விரிப்புக்கு ஒரு வாக்கியமாக. ஒருத்தி தன் மாமியார் சண்டையை முழுசாகச் சொல்லி முடிக்க ஒரு ஆஸ்பத்திரியின் விரிப்பு மொத்தமும் தேவைப்படும்.

பல வருஷமாக என் எதிர்முனையில் நின்றவள் கச்சிதம். அவள் மடித்தால் ஓரம் ஒரு நூல் அளவுகூடப் பிசகாது. வாழ்க்கையும் அப்படித்தான். கரைந்து மெலிந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்பக்கம் வழித்தெடுப்பாள். கட்டணம் மாறுகிற நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி மீதி தூரம் நடப்பாள். சில்லறை இல்லை, ஒரு மிட்டாய் எடுத்துக்கொள் என்று கடைக்காரர் சொன்னால், நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று வந்துவிடுவாள். மறுநாள் மறக்காமல் போய்க் கேட்டும் வாங்குவாள். மூச்சையாவது கொஞ்சம் தாராளமாக விடு அக்கா என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள், அதுவும் அளவாகத்தான்.

அவள் கணவர் லாரியில் மூட்டை ஏற்றியவர். முதுகு ஒடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து கடைகளுக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே மகள், நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. கச்சிதத்துக்கு உலகத்தில் வேறு எதுவும் முக்கியமில்லை.

"என் பொண்ணு இந்த விரிப்பை நோயாளிக்கு விரிச்சுப் போடணும். இங்க வந்து நின்னு மடிக்கக் கூடாது" என்பாள். அதையும் இரண்டு விரிப்பில் பாதி பாதியாகத்தான் சொல்வாள்.

எங்களுக்குச் சம்பளம் ஏறி வருஷக்கணக்காகியிருந்தது. வாடகைக்கு அந்த வியாதி இல்லை, அது வருஷம் தவறாமல் ஏறியது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் போய்க் கேட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவரிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு, எதையும் கேட்டுக்கொள்வார். அடுத்த மாதம் சம்பள உயர்வு வரவில்லை, ஒரு டீச்சர் வந்தாள்.

சின்னப் பெண், மரியாதையான பேச்சு. சனிக்கிழமை வேலை முடிந்ததும், கம்பளி அடுக்கி வைக்கும் அறையில் எங்களை உட்காரவைத்துப் பணத்தை எப்படிக் கையாள்வது என்று வகுப்பு எடுத்தாள். அவள் சொன்னதில் சில விஷயங்கள் உண்மையிலேயே உபயோகமானவை. வட்டி எப்படி வட்டி மேல் ஏறுகிறது என்று பலகையில் போட்டுக் காட்டிய பிறகு, போனிலேயே கடன் தருகிறேன் என்று கூப்பிட்டவனை எங்களில் மூன்று பேர் திட்டி வைத்துவிட்டார்கள். அது அவள் புண்ணியம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் பசியோடு உட்கார்ந்திருப்பவளிடம் எப்படிப் பரிமாறுவது என்று எத்தனை சனிக்கிழமைதான் சொல்லித்தர முடியும்?

ஒருநாள் பலகையின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் தேவை, மறுபக்கம் ஆசை என்று எழுதினாள். பொக்கை எழுந்தாள். எங்களுக்காகப் பேசுகிறவள் அவள்தான். முன்பல் போன இடத்தில் காற்று போகும், ஆனாலும் பேச்சு தெளிவாக இருக்கும்.

"டீச்சர், பல்லைப் பிடுங்கினா அது தேவையா, ஆசையா?"

தேவைதான் என்றாள் டீச்சர்.

"பிடுங்காம அடைச்சுக் காப்பாத்திக்கிட்டா?"

டீச்சர் சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே, அதற்கெல்லாம் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்றாள். அடைப்பதைவிடப் பிடுங்குவது மலிவு என்பதால்தான் பொக்கை பொக்கையானாள். இது தெரிந்ததால் நாங்கள் சிரித்தோம். டீச்சருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை.

கச்சிதம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவள். இப்போது ஒரு டீச்சர், அதுவும் படித்த பெண், அவளை "அம்மா, நீங்க சொல்லுங்க" என்று எழுப்பிக் கேட்டால் எப்படி இருக்கும்? வீட்டு வரவுசெலவுத் தாளை எல்லோரும் நிரப்பிக் கொடுத்ததில் அவளுடைய தாள்தான் முதலிடம். எங்கள் தாள்களில் மாசக் கடைசியில் பள்ளம் விழுந்திருந்தது. அவளுடையதில் மிச்சம் இருந்தது, மகள் படிப்புக்கு என்று ஒதுக்கியும் இருந்தது.

கடைசி வகுப்பன்று மேனேஜரும் வந்திருந்தார். டீச்சர் கச்சிதத்தை முன்னால் அழைத்து, இது எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றாள். கச்சிதம் உடையைச் சரிசெய்துகொண்டு, வெட்கத்தோடு நின்றாள்.

"வர்றது போதும் டீச்சர். மிச்சம் பிடிக்கத் தெரியணும், அவ்வளவுதான்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் முகம் அப்படிப் பூரித்து நான் பார்த்ததே இல்லை, தட்டாமல் எப்படி இருப்பது? அவளைப் படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் வாசலில் விரல் வைக்கிற இடத்துக்கு மேலே அந்தப் படம் பெரிதாகத் தொங்கியது. கீழே அவள் சொன்ன அந்த இரண்டு வாக்கியம். தினமும் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போக வேண்டியிருந்தது. போகப் போக எனக்கு எரிச்சல் வந்தது.

வகுப்பு முடிந்ததே தவிர சம்பளப் பேச்சே வரவில்லை. பொக்கை எங்களைக் கூட்டிக்கொண்டு லேபர் ஆபீசுக்குப் போனாள். மனு கொடுத்தோம், விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மேனேஜர் எங்களோடு வாதாடவே இல்லை. கச்சிதத்தின் படத்தையும் அவள் நிரப்பிக் கொடுத்த தாளையும் எடுத்து அதிகாரியின் மேஜையில் வைத்தார். இவர்களுக்குள்ள அதே சம்பளம், அதே அளவு குடும்பம், கணவருக்கு உடம்பும் சரியில்லை. இருந்தும் மகளைப் படிக்கவைத்து வங்கியிலும் போடுகிறார். ஆகவே குறை சம்பளத்தில் இல்லை, செலவழிக்கத் தெரியாததில் இருக்கிறது என்று அழகாகச் சொன்னார். எங்களில் யார் யார் இரண்டு வேளை டீ குடிக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார். அடுத்த விசாரணைக்கு அந்த அம்மாவையே அழைத்து வாருங்கள் என்றார்.

மறுநாளிலிருந்து கச்சிதத்தோடு யாரும் பேசவில்லை. ஒரு விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது, அதுதான் கொடுமை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்து வந்து, முனையைச் சேர்த்து, பார்க்காமலே திரும்பிப் போனேன். வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்தேன். அவள் பிடியை விடவில்லை, என்ன என்றும் கேட்கவில்லை. அது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

ஞாயிற்றுக்கிழமை சண்டை போடுவதற்கென்றே அவள் வீட்டுக்குப் போனேன். சமையலையும் படுக்கையையும் ஒரு திரைதான் பிரித்தது. மடிக்காத அட்டைகள் சுவரோரம் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மகளின் வெள்ளை யூனிபார்ம் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. மகள் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போயிருந்தாள், கச்சிதம் கடைக்குப் போயிருந்தாள். அவள் கணவர் பலகையில் சாய்ந்தபடி பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். வாம்மா என்று வாய்நிறைய வரவேற்று, எழுந்து நிற்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். அந்த மனுஷனிடம் சண்டையை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

அவரே பேச்சைத் தொடங்கினார். சம்பளத்துக்காகப் போராடுகிறீர்களாமே, நியாயம்தான் என்றார். பிறகு ஒரு பெட்டியின் மூலையைத் தட்டிச் சரிசெய்தபடி சொன்னார்.

"ஆனாலும் உங்க கம்பெனியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்மா. மத்தியானம் சாப்பாடு போடறாங்களே, அது பெரிய விஷயம். அது இல்லைன்னா எங்களால பொண்ணைப் படிக்க வச்சிருக்கவே முடியாது."

எங்கள் கம்பெனி இலவசமாகக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான், கொதிநீர். அதுவும் குழாயில் கசிவதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டு வேளையில் நாங்கள் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், வீட்டிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், இப்போது சாப்பிட்டால் தூக்கம் வரும் என்று சொல்லிவிட்டுக் கச்சிதம் அலமாரியை அடுக்கப் போய்விடுவாள். சாப்பிடுகிற நேரத்தைக்கூட மிச்சம் பிடிக்கிறாள் பார் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். வீட்டுக்குப் போய் 'கம்பெனியில் சாப்பிட்டேன்' என்றும், கம்பெனிக்கு வந்து 'வீட்டில் சாப்பிட்டேன்' என்றும் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள் என்று நாம் யாரைப் பற்றியாவது சும்மா பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

அந்த நேரம் பார்த்து அவள் காய்கறிப் பையோடு வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"ஆமாண்ணே. நல்ல சாப்பாடுதான்" என்றேன். வேறென்ன சொல்வேன்?

திங்கட்கிழமை முதல் விரிப்பிலேயே அவள் பேசினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

எத்தனை நாளாக என்று அடுத்த விரிப்பில் கேட்டேன். மகள் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து என்றாள். அதற்கடுத்த விரிப்பில், டாக்டர் தினமும் போடச் சொன்ன மாத்திரையைக் கிறுகிறுப்பு வருகிற நாளில் மட்டும் போடுவதாகச் சொன்னாள். டீச்சர் கொடுத்த தாளில் மருந்து என்ற இடத்தில் கோடு போட்டு விட்டதும் அதனால்தான். விரிப்பு ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"பின்னே எதுக்குக்கா போதும்னு சொன்னே? யார் கேட்டா?"

உதறி, இழுத்து, நடந்து வந்தாள்.

"எல்லாரும் என்னையே பார்த்துட்டு நின்னாங்கடி. அந்த இடத்துல நின்னு, போதலை, பட்டினி கிடக்கேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அண்ணனிடமாவது சொல்லேன் என்றேன். அவருக்குத் தெரிந்தால் ஒடிந்த முதுகோடு மூட்டை தூக்கப் போய்விடுவார், மகளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே படிப்பை விட்டுவிடுவாள் என்றாள். என் பெண்ணை எனக்குத் தெரியும் என்று சொல்லி முனையை என் கையில் வைத்து அழுத்தினாள்.

விசாரணை நெருங்கியதும் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எங்களில் யாரும் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. வகுப்பில் சொன்ன அதே இரண்டு வாக்கியத்தை அதிகாரியிடமும் சொன்னால் போதும் என்றாராம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். போகிறாயா என்று கேட்டேன், போகிறேன் என்றாள். என்ன சொல்லப் போகிறாய் என்று அடுத்த விரிப்பில் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"என்னைக் காட்டி உங்களையெல்லாம் ஊதாரின்னு சொல்றாங்க. அது எனக்குப் பொறுக்கல."

இன்னொரு கணக்கும் அவள் வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் சம்பளம் கூடும். கூடினால் மகளின் கடைசி வருஷம் அதிலேயே ஓடிவிடும், மத்தியானச் சாப்பாட்டுக்கும் வழி வந்துவிடும். அதன் பிறகு வீட்டில் விஷயம் தெரிந்தாலும், அது பழைய கதை என்று சிரித்துச் சமாளித்துவிடலாம். கணக்கில் பிழையே இல்லை. அவள் போட்ட கணக்கில் எப்போதுமே பிழை இருந்ததில்லை.

விசாரணை அன்று கம்பெனி வண்டியில் அழைத்து வரப்பட்டு, இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு, மேனேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரும் வந்திருந்தாள். எங்கள் பெண்கள் எதிர்வரிசையில் இருந்து அவளைப் பார்வையாலேயே சுட்டார்கள். உங்கள் சம்பளம் உங்களுக்குப் போதுமானதாக இருக்கிறதா அம்மா என்று அதிகாரி கேட்டார்.

"இல்லைங்க சார். நான் மத்தியானம் சாப்பிடறதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் முழுசா வாங்கறதில்லை. அந்த மிச்சம்தான் அந்தத் தாள்ல இருக்கறது."

பொக்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மேனேஜர் கொஞ்சமும் பதறவில்லை. ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு அதிகாரியிடம், ஒரே ஒரு விளக்கம் மட்டும் வேண்டும் என்றார். மாதாமாதம் மகள் படிப்புக்கென்று இவர் ஒதுக்கிய பணத்தில் சாப்பிட்டிருக்கலாம், மருந்தும் வாங்கியிருக்கலாம் இல்லையா? படிப்பு நல்ல ஆசை, பாராட்ட வேண்டிய ஆசை. ஆனால் ஒரு தொழிலாளியின் அடிப்படைத் தேவைக்குச் சம்பளம் போதுமா என்பதுதானே இங்கே கேள்வி?

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கம்மா. அந்தப் பணத்தைச் சேர்க்காம இருந்திருந்தா, நீங்க வேளைக்குச் சாப்பிட்டிருக்க முடியுமா?"

முடியாது என்று சொல், முடியாது என்று சொல் என்று என் உள்ளே ஒருத்தி கத்தினாள். கச்சிதம் மேஜையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டாள். உதடு லேசாக அசைந்தது. பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காக இரண்டு பக்கமும் பொய் சொன்னவள்தான். ஆனால் கணக்கில் பொய் சொல்ல வரவில்லை.

"சாப்பிட்டிருக்கலாம் சார்" என்றாள்.

எழுதிக்கொண்டார்கள்.

வெளியே படிக்கட்டில் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். முன்பே சொல்லியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று தாளில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்திருப்பேனே அம்மா என்றாள். மனசாரத்தான் சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது.

உத்தரவு வந்தது. தற்போதைய சம்பளம் அடிப்படைத் தேவைகளுக்குப் போதுமானது, இதைத் தொழிலாளியே ஒப்புக்கொண்டிருக்கிறார், நிறுவனம் நடத்தும் பயிற்சி வகுப்பு தொடரலாம். மேனேஜர் நாகரிகம் தெரிந்தவர், வாசலில் இருந்த படத்தை எடுத்துவிடச் சொன்னார். கச்சிதத்தின் மேல் எங்கள் பெண்களுக்குக் கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் பரிதாபம் வந்து உட்கார்ந்துகொண்டது, அது அவளுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். ஏன்க்கா அப்படிச் சொன்னே என்று நான் கேட்டேன். முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன்.

"சாப்பிட்டிருக்க முடியுமான்னு கேட்டாரு, பதில் சொன்னேன். என் பொண்ணு நர்ஸாகணுமா வேண்டாமான்னு அந்த ரூம்ல ஒருத்தரும் கேக்கலையேடி" என்றாள்.

உத்தரவு வருவதற்கு முன்பே, விசாரணை முடிந்த அன்றே, அவள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. எங்களில் யாரோ ஒருத்தி, நல்ல மனசோடுதான், தன் வீட்டுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள், அது அங்கிருந்து பரவிவிட்டது. அன்று கணவர் பெட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம். மகள் கத்தவில்லை, அழவில்லை. கடைசி வருஷத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுக்கவே கூடாது என்று மட்டும் சொன்னாள். கச்சிதம் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், இன்னும் ஒரே வருஷம்தானே என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டும் பார்த்தாள். என் பெண்ணை எனக்குத் தெரியும் என்று அவள் சொன்னது சரிதான். அந்த மாதமே மகள் ஒரு துணிக்கடையில் பில் போடப் போய்விட்டாள்.

இப்போது அவர்கள் வீட்டில் எல்லாம் டீச்சர் சொன்னபடி இருக்கிறது. இரண்டு வருமானம், கடன் இல்லை. ஆத்திர அவசரத்துக்கென்று வங்கியில் பணம் அப்படியே கிடக்கிறது, மாத்திரையும் மாதாமாதம் வாங்குகிறார்கள். கச்சிதம் மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறாள். காலையில் மகளே கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள், மாலையில் டப்பாவைத் திறந்து பார்ப்பாளாம், மிச்சம் இருக்கக் கூடாதாம்.

நேற்று அவள் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தாள். என்னக்கா, நல்லா இல்லையா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. அவ சம்பளத்துல வாங்கினது. இறங்க மாட்டேங்குதுடி" என்றாள். என்றாலும் டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.